பனியன் துணியில் முகக்கவசம்: வெட்டும் அளவு குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து, திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி மூடிக் கிடப்பதால், வீட்டிலுள்ள பழைய தையல் இயந்திரத்தில் முகக்கவசம் தைத்துப் பழகி வருகிறேன். வெட்டிய துண்டுகளை எண்ணி அடுக்கும் வேலையை என் மகள் தானாகவே எடுத்துக்கொண்டாள். ஷிப்ட் நாள்களில் அவளோடு இவ்வளவு நேரம் அமர்ந்ததே இல்லை.

சிக்கல் துணியில்தான். பனியன் துணி இழுபடுவதால், இரண்டு முறை துவைத்ததும் மூக்கின் மேலுள்ள மடிப்பு தளர்ந்து, பேசும்போதெல்லாம் கவசம் தாடைக்கு இறங்கிவிடுகிறது. கடைகள் அடைத்திருப்பதால் எலாஸ்டிக்கும் கிடைக்கவில்லை. உள்ளே நெசவுத் துணி வைத்து மூன்றடுக்காகத் தைத்த அனுபவம் உள்ளவர்கள், எந்த அளவில் வெட்ட வேண்டும், எலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா வைத்தால் நிற்குமா என்று தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் தைப்பவை எங்கள் தெருவின் தூய்மைப் பணியாளர்களுக்கு.