கோட்லா தாஹர் நத்தை ஓடுகள்: மழை பொய்த்ததற்குச் சாட்சியா?

வண்டல்:
ஹரியானாவின் மேவாத் பகுதியில் கோட்லா தாஹர் என்று வறண்டுபோன ஓர் ஏரிப்படுகை இருக்கிறது. அங்கே மண்ணுக்குள் கிடந்த நத்தை ஓடுகளில் ஆக்சிஜனின் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட அணுவகைகளை, அளந்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் கனமான ஆக்சிஜன்-18 ஏறக்குறைய 4 பெர்மில் (ஆயிரத்தில் 4 பங்கு) கூடியிருக்கிறது, அதனால் கோடைப் பருவமழை சட்டென்று குறைந்தது என்பது முடிவு. இதை வைத்துச் சிந்துவெளி நகரங்களை மழைதான் அழித்தது என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன். பிகானேர் மாவட்டத்து லூங்கரன்சர் ஏரி அதற்கும் 1,400 ஆண்டு முன்பே வற்றிவிட்டது. 1999-ல் வந்த ஆய்வு அதைக் காட்டியது. அந்த வறட்சிக்குப் பிறகுதான் நகரங்களே எழுந்தன. ஒரே மழை ஓர் ஏரியை முன்பும் இன்னோர் ஏரியை 1,400 ஆண்டு கழித்தும் வற்றவைக்குமா?

கிளிஞ்சல்:
வைக்கும். லூங்கரன்சர் தார் பாலைவனத்துக்குள் இருக்கிறது. அங்கே மழை கொஞ்சம் தளர்ந்தாலே ஆவியாதல் முந்திவிடும். கிழக்கே கோட்லா தாஹர் பக்கம் மழை அதிகம், அங்குள்ள ஏரி கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும். வற்றிய தேதியை மட்டும் ஒப்பிட்டால் ஏரியின் ஆழமும் நீர்ப்பிடிப்பும் கணக்கில் வராது. ஐசோடோப்பு அப்படியல்ல. கோட்லா தாஹர் மூடிய படுகை: உள்ளே வருவது மழையும் ஓடைநீரும், வெளியே போவது ஆவி மட்டும். ஆவியில் லேசான ஆக்சிஜன்-16 முதலில் கிளம்பிவிடும், மிச்ச நீரில் ஆக்சிஜன்-18 தங்கும், ஓடு அதை வாங்கிக்கொள்ளும். வெப்பம்தான் காரணம் என்றால், ஒரு பெர்மிலுக்கு 4 முதல் 5 டிகிரி என்ற கணக்கில், நீர் 16 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

வண்டல்:
வெப்பம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். என் சண்டை தேதியோடு. நத்தை ஓட்டையே எடுத்துக் கரிமக் காலக்கணிப்பு (மிச்சமிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை வைத்து வயது கணிப்பது) செய்தால் ஒரு சிக்கல்: நத்தை தன் ஓட்டுக்குத் தண்ணீரில் கரைந்த கரிமத்தை எடுக்கிறது. அந்த வட்டாரத்து வண்டலில் சுக்கான்கல் நிறைய. அதிலிருந்து கரையும் கரிமத்தில் கதிரியக்கம் செத்துப்போயிருக்கும். அப்படிச் செத்த கரிமம் 5 சதவீதம் கலந்தால் ஓடு 400 ஆண்டு மூத்ததாகத் தெரியும், 10 சதவீதம் என்றால் 850 ஆண்டு. 4,100 என்பது கி.மு. 2150. அதில் 400 கழித்தால் கி.மு. 1750. நகர வாழ்வு கி.மு. 1900-லேயே முடிந்துவிட்டது. அப்போது மழை குறைந்தது விளைவுக்குப் பின்னால் வந்த காரணமாகிவிடுகிறது!

சல்லடை:
இடையில் ஒன்று. 4 பெர்மில் என்ற அளவும் தானாக நம்பகமாகிவிடாது. ஒரே நத்தை ஓட்டை நுனியிலிருந்து வாய்வரை துளையிட்டுப் பார்த்தால் மழைக்காலமும் கோடையும் தனித்தனியே தெரியும். வேறுபாடு சில பெர்மில் வரும். ஆகவே ஓர் அடுக்குக்கு ஓர் ஓடு என்றால், கிடைத்தது ஏப்ரல் ஓடா செப்டம்பர் ஓடா என்பதுதான் வரைபடத்தில் ஏறி இறங்கும். ஒவ்வொரு அடுக்கிலும் பல ஓடுகளை எடுத்து, மீயொலித் தொட்டியில் கழுவி, தனித்தனியாக அளந்து, சராசரியோடு பரவலையும் போட வேண்டும். அதற்கு முன் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் ஓடு இன்னும் அராகனைட்தானா (நத்தை கட்டிய மூலப் படிக வடிவம்) என்று பார்க்கணும். கால்சைட் என்ற வேறு படிக வடிவம் தென்பட்டால் நிலத்தடி நீர் அதை மறுபடி படிகமாக்கிவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

கிளிஞ்சல்:
சரியான எச்சரிக்கை. ஆனால் அளவில் மாற்றம் ஒரே புள்ளியில் இல்லாமல், மேலே உள்ள அடுக்குகள் எல்லாம் புதிய அளவிலேயே நின்றால், ஓடு தேர்வு மட்டும் அதைச் செய்யாது. தேதிக்கு வேறு கடிகாரமும் உண்டு. மேகாலயாவின் மவ்ம்லு குகைச் சுண்ணாம்புப் படிவு யுரேனியம் சிதைந்து தோரியமாவதை வைத்துக் கணிக்கும் யுரேனியம்-தோரியம் முறையில் தேதியிடப்பட்டது, செத்த கரிமப் பிரச்சினை அதைத் தொடாது. அங்கும் சுமார் 4,200 ஆண்டுக்கு முன் மழை குறைந்ததாகத் தெரிகிறது. 2018-ல் மேகாலயக் காலம் என்று நிலவியல் அட்டவணையில் பெயர் வைத்ததே அதை அடிப்படையாக வைத்துத்தான்.

வண்டல்:
குகை சொல்வது மேகாலயாவின் மழை. அதைக் கொண்டு மேவாத்தின் தேதியைச் சரிசெய்தால், இரண்டும் ஒத்துப்போகின்றன என்று பிறகு எப்படிச் சொல்வீர்கள்? ஒத்துப்போவதாக முன்பே வைத்துக்கொண்டுதானே தேதியிட்டோம்?

சல்லடை:
இதற்குச் சோதனை இருக்கிறது. மாற்றத்துக்கு உடனே கீழும் மேலும் உள்ள அடுக்குகளில், ஓட்டோடு கூடவே நிலத்துச் செடிகளின் எச்சங்களைத் தேடுங்கள். 250 மைக்ரான் சல்லடையில் ஈரமாகச் சலித்து, விதைகளை நுண்ணோக்கியில் பொறுக்கி, அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று கழுவ வேண்டும். கதிரியக்கக் கரிமத்தை எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானிக்கு ஒரு மில்லிகிராம் கரிமம் போதும். விதைக்கும் ஓட்டுக்கும் உள்ள வயது வித்தியாசம்தான் அந்த ஏரியின் செத்த கரிமம். கரித்துண்டை மட்டும் நம்பாதீர்கள்: பெரிய மரத்தின் நடுக்கட்டை என்றால் அதுவும் 100, 200 ஆண்டு மூத்தே வரும். ஓராண்டுப் புல் விதை கிடைக்கும்வரை சலியுங்கள்.