பிசகு வேறு, நழுவல் வேறு

நண்பர்களே,

தொகுப்பில் படமும் ஒலியும் பொருந்தாமல் போவதை ஆங்கிலத்தில் sync drift என்கிறோமே, அதற்குத் தமிழில் 'ஒத்திசைவு விலகல்' என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு சின்ன ஆட்சேபம். விலகல் தவறான சொல் இல்லை. ஆனால் அது இரண்டு வேறு கோளாறுகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

படம் முழுக்க ஒலி ஒரே அளவு முந்தியோ பிந்தியோ நிற்பது ஒன்று. தொடக்கத்தில் நாலு பிரேம் (ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு பிரேம்) என்றால் முடிவிலும் நாலுதான். ஒலித்துண்டை அந்த அளவு தள்ளிவைத்தால் வேலை முடிந்தது. இன்னொன்றில் தொடக்கம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். போகப் போகக் கெடும். அங்கே தள்ளிவைப்பது உதவாது.

ஒருமுறை ஒரு மணி நேர உரையைத் தொகுத்தேன். படம் கேமராவில், ஒலி தனி ரெக்கார்டரில். தொடக்கக் கைதட்டலை வைத்துப் பொருத்தினேன். உதட்டசைவு அப்படியே ஒட்டியது. கடைசியில் பார்த்தால் பேசியவர் வாயை மூடிய பிறகும் சொல் வந்துகொண்டிருக்கிறது. நொடிக்கு 25 பிரேம் படத்தில் ஐந்து பிரேம், அதாவது 200 மில்லிநொடி. முடிவைப் பொருத்த இழுத்தேன். தொடக்கத்தில் ஒலி முந்திக்கொண்டது.

இரண்டு கருவிக்கும் நேரத்தை அளக்கத் தனித்தனிக் கடிகாரப் படிகம், அதுதான் காரணம். இரண்டும் நொடிக்கு 48,000 ஒலிமாதிரி (sample) எடுப்பதாகவே சொல்லும்; ஆனால் ஒன்றின் நொடி மற்றதன் நொடிக்கு மயிரிழை வேறுபடும். பத்து லட்சத்தில் 55 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அந்த 200 மில்லிநொடி சேர்ந்துவிடும். ஒலியை 0.0056 விழுக்காடு சுருக்கினால் சரி. என் மென்பொருளோ வேகத்தில் இரண்டு தசமத்துக்கு மேல் ஏற்கவில்லை, 0.01 போட்டால் 360 மில்லிநொடி குறைந்து மறுபக்கம் கெடும். அப்புறம் 12 நிமிடத்துக்கு ஒருமுறை, அவர் மூச்சுவிடும் இடமாகப் பார்த்து வெட்டி, ஒலி முந்தி வரும்படி ஒவ்வொரு பிரேமாக இடப்பக்கம் இழுத்தேன்.

இதைத்தான் 'நழுவல்' என்கிறேன். முதலில் சொன்னது 'பிசகு'. 'நாலு பிரேம் பிசகியிருக்கிறது', 'மணிக்கு ஐந்து பிரேம் நழுவுகிறது': கேட்டவுடன் எதைச் செய்யவேண்டும் என்று தெரிந்துவிடும்.

நழுவலுக்குப் பதிலாக 'நகர்வு' என்பதும் வேண்டாம். தொகுப்பில் துண்டுகளை நாமே நாளெல்லாம் நகர்த்துகிறோம். நாம் செய்வதற்கும் தானாக நடப்பதற்கும் ஒரே சொல்லா? 'பெயர்ச்சி'க்குக் கண்டப்பெயர்ச்சி முன்மாதிரியாக இருக்கிறது, மெல்ல மெல்ல என்ற பொருளும் கிடைக்கிறது. ஆனால் ஒலியோடு சேர்த்துப் பாருங்கள், ஒரு மொழிச் சொல்லை வேறு மொழி எழுத்தில் எழுதும் 'ஒலிபெயர்ப்பு' வந்து குறுக்கே நிற்கும். நழுவல் பேச்சுவழக்கு, கனம் போதாது என்பவர்களுக்கு: கண் சிவக்க ஐந்தாவது மணி நேரம் தொகுப்பவர் வாயில் கனமான சொல் நுழையாது.

ஒரு முடிச்சு மட்டும் மிச்சம். செல்பேசியில் எடுத்த படங்களில் பிரேம் வேகமே மாறிக்கொண்டிருக்கும். சில மென்பொருளில் ஒலி ஒரு நேரம் பிந்தும், இன்னொரு நேரம் சேர்ந்துகொள்ளும். நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொகுக்கவே உட்காரவேண்டும். இதுவும் நழுவலா? இல்லை என்றே எனக்குப் படுகிறது. மணிக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்ல முடியவில்லையே. 'தள்ளாட்டம்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.