மே மாத வெயிலில் ‘குளிர் தாங்குகிறதா?’ என்று கேட்டோம்

தைராய்டு நோயாளிகளுக்கான அறிகுறி வினாத்தாள் ஒன்றைத் தமிழில் சரிபார்த்த ஆய்வில் ஒன்றரை வருடம் கள நேர்காணல் செய்தேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். இதே வேலை பார்த்தவர்களும் இப்படி ஒரு தாளை நிரப்பியவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

முழு ஆய்வுக்கு முன் சிலரிடம் தாளைச் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டத்தின் முதல் வாரம், மே மாதம். எதிரே ஐம்பது வயது அம்மா ஒருவர், தைராய்டு சுரப்பு குறைவு என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். தாளில் இருந்தபடியே வாசித்தேன்: ‘கடந்த நான்கு வாரங்களில் உங்களுக்குக் குளிர் சகிப்பின்மை இருந்ததா?’ அவர் என் முகத்தையே பார்த்தார். “இந்த வெயில்ல குளிருக்கு எங்கம்மா போறது?” என்றார். ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இரண்டு கேள்வி தாண்டியிருக்காது, “அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தும்மா, உடம்பெல்லாம் என்னவோ பண்ணுது” என்றார். சுற்றி இருந்த அத்தனை பேரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹார்மோன் குறைந்தால் உடல் உண்டாக்கும் சூடும் குறைகிறது. அந்த அறிகுறி அவரிடம் அப்படியே இருந்தது. எங்கள் கேள்விதான் அவரைத் தொடவில்லை. இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட தைப்ரோ வினாத்தாள் டென்மார்க்கில் உருவானது. 85 கேள்விகள், 13 பிரிவுகள். 2015-இல் அதை 39 கேள்விகளாகச் சுருக்கினார்கள். மிகுந்த உழைப்பில் உருவான கருவி அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குளிர்காலம் என்று ஒன்று இருக்கும் நாட்டில் ‘குளிர் தாங்கவில்லையா’ என்று கேட்டால் போதும். நம் ஊரில் ‘வீட்டில் எல்லோரும் ஃபேன் போட்டுப் படுக்கும்போது உங்களுக்கு மட்டும் போர்வை வேண்டியிருக்கிறதா?’ என்று கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டதும் “ஆமாம்மா, வீட்டுல தினம் அதுக்குத்தான் சண்டை” என்று பதில் உடனே வந்தது.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது எது தெரியுமா? எங்கள் தாளின் மொழிபெயர்ப்பு எல்லாப் படியும் தாண்டி வந்தது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றினார். ‘குளிர் சகிப்பின்மை’ ஒரு எழுத்துப் பிசகாமல் பழைய ஆங்கிலச் சொல்லாகவே திரும்பி வந்தது. திரும்பி வரும் சொல் சரியாக இருப்பது வேறு, அது நோயாளியின் வாயில் புழங்குவது வேறு. இது தெரிய வேண்டுமென்றால் நோயாளியின் எதிரே உட்கார்ந்து, ‘இந்தக் கேள்வியை உங்கள் பேச்சில் சொல்லுங்கள்’ என்று கேட்டே ஆக வேண்டும்.

அப்படிக் கேட்டபோது கிடைத்த சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ‘வீக்கம்’ என்று நாங்கள் எழுதியிருந்தோம். அவர்கள் ‘வளையல் ஏற மாட்டேங்குது’, ‘மூஞ்சி உப்பிக் கிடக்கு’ என்றார்கள். ‘வறண்ட சருமம்’ என்பதை விளம்பரத்தில் கேட்டிருக்கிறார்கள், தங்களைப் பற்றிச் சொல்வதில்லை. ‘தோல் சாம்பல் பூத்த மாதிரி’ என்பதுதான் அவர்கள் சொன்னது. ‘சோர்வு’ என்றதும் சிலர் மனக்கவலை என்று எடுத்துக்கொண்டு, “கவலையெல்லாம் ஒண்ணும் இல்ல, பிள்ளைங்க நல்லா பாத்துக்குறாங்க” என்றார்கள். அசதி என்று கேட்டால் வேறு பதில் வந்தது.

விடைகளிலும் சிக்கல். ‘சிறிதளவு’, ‘ஓரளவு’ இரண்டில் எது பெரியது என்று பலர் கேட்டார்கள். அதைச் சரியான வரிசையில் வைக்க எனக்கே யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஐந்து டம்ளர் வரைந்து, ஒன்று காலி, ஒன்று நிறைய, நடுவில் மூன்று அளவு என்று காட்டினோம். நான்கு வாரம் என்ற கணக்கை ‘போன அமாவாசையிலிருந்து’ என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

* * *

நான் தாளை நிரப்பிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்குப் பிசிஓஎஸ், அதாவது மாதவிடாய் தவறுவது, முகத்தில் முடி வளர்வது போன்ற தொந்தரவு தரும் சினைப்பை ஹார்மோன் கோளாறு. பத்தொன்பது வயதில் கல்லூரி முதல் வருடம் படித்தபோது ஓர் ஆய்வுக்காகப் பிசிஓஎஸ் வினாத்தாளின் தமிழ் வடிவத்தைக் கொடுத்தார்கள். அது 1998-இல் வந்த 26 கேள்வித் தாள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மன உணர்வு, உடலில் முடி, எடை, குழந்தையின்மை, மாதவிடாய் என்று ஐந்து பகுதி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், 7 என்றால் தொந்தரவே இல்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் குறிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘குழந்தை பிறக்காமல் போகுமோ என்ற கவலை’ பற்றிய கேள்வி வந்தது. ராத்திரி எல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆனால் கல்யாணமாகாத பெண், அம்மா முன்னால் அதை எப்படிக் குறிப்பது? 7 போட்டேன். முகத்தில் முடி பற்றிய கேள்விக்கும் 7. வாரத்துக்கு இரண்டு முறை பூட்டிய குளியலறையில் நூல் வைத்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்புறம் இரண்டு வாரம் கழித்து அதே தாளைத் திரும்பக் கொடுத்தார்கள். அன்று நான் மட்டும் போயிருந்தேன். குழந்தைக் கேள்விக்கு 1, முடிக் கேள்விக்கு 2. தாளை வாங்கிப் பார்த்த ஆய்வுக்கார அக்கா எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு வாரத்தில் என் உடம்பில் எதுவும் மாறவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். ஒரே ஆள் இரண்டு முறை வேறு வேறு விடை கொடுத்தால் அந்தக் கேள்வி நம்பகமில்லாதது என்று கணக்கில் வருமாமே. கேள்வியின் மேல் தப்பில்லை. தயவு செய்து எங்களைத் தனியாக உட்கார வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த மூலத் தாளில் முகப்பரு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அந்த வயதில் கண்ணாடி முன்னால் நான் அழுததெல்லாம் பருவுக்காகத்தான். பிற்பாடு திருத்திய வடிவத்தில் பருவுக்கு நான்கு கேள்வி சேர்த்தார்கள் என்று படித்தபோது, என்னைப் போல யாரோ வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

* * *

யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்கிறேன். ஒரு சிறு குறிப்பு மட்டும். தமிழ்நாட்டில் சரிபார்த்த தாளை இங்கே அப்படியே கொடுக்கக் கூடாது. எங்கள் சனம் ‘ஏலாமல் கிடக்கு’, ‘களைப்பாய் இருக்கு’ என்றுதான் சொல்லும். உங்களுக்குச் சளி, ஜலதோஷம் என்றால் எங்களுக்குத் தடிமன். தமிழ் என்று ஒரு பெட்டியில் குறி போட்டுவிட்டால் போதாது, இங்கேயும் பத்துப் பேரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

* * *

இப்படி ஒரு தாளின் புள்ளியியல் பகுதியைச் செய்தவன் நான். ஒரு பகுதியின் கேள்விகளுக்கு வரும் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் கிரான்பாக் ஆல்ஃபா. எங்கள் முதல் கணக்கில் அசதிப் பகுதிக்கு அது 0.9-ஐத் தாண்டியது. 0.7 இருந்தாலே ஏற்றுக்கொள்வார்கள் என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம். கேள்விகளை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். சோர்வாக இருந்ததா, களைப்பாக இருந்ததா, அசதியாக இருந்ததா. ஒரே கேள்வியை மூன்று சொல்லில் கேட்டால் விடைகள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், எண்ணும் ஏறத்தான் செய்யும். மூலத்தில் அந்த மூன்றுக்கும் வேறுபாடு இருந்தது, தமிழில் அது கரைந்துபோனது. எண் அழகாக இருந்தால் நான் இப்போது முதலில் சந்தேகப்படுகிறேன்.

அடுத்த சண்டை டிஎஸ்ஹெச் பற்றி, அதாவது ரத்தப் பரிசோதனையில் பார்க்கும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் பற்றி. அறிகுறி மதிப்பெண்ணுக்கும் ரத்தத்தில் இருந்த டிஎஸ்ஹெச் அளவுக்கும் தொடர்பு பலவீனமாக வந்தது. ‘அப்படியானால் இந்தத் தாள் எதற்கு?’ என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். ரத்தப் பரிசோதனை சொல்வதையே தாளும் சொல்லுமானால் தாள் தேவையே இல்லை. அளவு சரியாகி வந்த பிறகும் முடியவில்லை என்று சொல்லும் பெண்ணின் பேச்சைப் பதிவு செய்யத்தான் இது இருக்கிறது. இதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

ஆனால் ஒப்பீட்டுக் குழுவில் நாங்கள் சறுக்கினோம். தைராய்டு நோய் இல்லாத பெண்களும் அசதிக்கு ஏறக்குறைய அதே மதிப்பெண் கொடுத்தார்கள். தாள் தோற்றுவிட்டது என்று நினைத்தோம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. ‘ஆரோக்கியமானவர்கள்’ என்று நாங்கள் உட்கார வைத்தவர்களின் ஹீமோகுளோபினை யாரும் பார்க்கவில்லை. பார்த்துப் பிரித்த பிறகுதான் வேறுபாடு வெளியே தெரிந்தது.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடி வருகிறேன். ரத்தசோகை பற்றிப் படித்ததும் அந்த மே மாத அம்மாவின் மீதிக் கதையைச் சொல்லத் தோன்றியது.

அவர் முன்னோட்டத்தில் வந்தவர் என்பதால் அவருடைய விடைகள் முதன்மைக் கணக்கில் சேராது. போர்வைக் கேள்விக்கு மூலத்தை உருவாக்கியவர்களிடம் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. கேள்வியை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் மற்ற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாமல் போகும். அந்தக் காத்திருப்புக்கு நடுவே, மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து அவர் மருத்துவரைப் பார்க்க வந்தார். டிஎஸ்ஹெச் சரியான அளவுக்கு வந்திருந்தது. நான் கேட்காமலே கையை நீட்டி, வளையல் ஏறுகிறது என்று காட்டினார். போர்வை பரண் மேல் போய்விட்டதாம். ஆனால் அசதி டம்ளர் மட்டும் முன்பு காட்டிய அளவிலேயே இருந்தது.

தாளைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினேன். ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார், குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். தைராய்டு மாத்திரையோடு அதைச் சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாக ஏறாது, இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மற்றொன்று என்று ஒரு சீட்டில் எழுதி, சூரியன் கிளம்புவதையும் சாப்பாட்டுத் தட்டையும் பக்கத்தில் வரைந்து அவரிடம் கொடுத்தேன்.