பொருள்: ‘ரீஸ்டோரேஷன்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருநகர்வாசி, செவ்வாய் இரவு 9.40

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை காலை ஐ.டி.ஐ. மாணவர்கள் 22 பேர் என் வீட்டுக் கொட்டகைக்கு வருகிறார்கள். ஐந்து வருடமாக நான் கட்டிக்கொண்டிருக்கும் 1951ஆம் வருடத்து எம்.ஜி. டி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அங்கேதான் நிற்கிறது. போடி மலையில் ஒரு எஸ்டேட் கொட்டகையில், சீட்டில் கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டி. பையன்களுக்குக் கொடுக்க 16 பக்கக் கையேடு ஒன்று எழுதியிருக்கிறேன். உள்ளே எல்லாம் தயார், தலைப்பில்தான் முட்டி நிற்கிறேன். ‘பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே ______ செய்வது எப்படி?’ அந்தக் கோடிட்ட இடத்துக்கு ஒரு சொல் வேண்டும்.

‘புதுப்பித்தல்’ என்று போட்டுப் பார்த்தேன். என் மெக்கானிக் அண்ணன், “எஃப்.சி. புதுப்பிக்கிற மாதிரி இருக்கே சார்” என்றார். அது மட்டுமல்ல, நான் செய்வது புதிதாக்குவதே இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். இந்த இன்ஜினில் மரை மில்லிமீட்டர் கணக்கு, போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. இங்கிலாந்தில் கவன்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கு இருந்த இன்ஜின் ஆலையை 1923இல் எம்.ஜி.யின் முதலாளியான மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த எந்திரங்கள் மீட்டர் கணக்கில்தான் மரை வெட்டும். அவற்றை மாற்றாமல், தலையை மட்டும் அந்த ஊர் ஸ்பேனருக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்கள். என்னிடம் இருக்கும் ஸ்பேனரில் ஒன்று தலையில் நுழையவே மாட்டேன் என்கிறது, அடுத்தது வழுக்கி மூலையை மழுக்குகிறது. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கடையில் கிடைக்கும் போல்ட்டுக்கு மரை வெட்டிக்கொண்டால் அரை நாள் வேலை. பாட்டரியும் அப்படித்தான். இதில் பாசிட்டிவ்தான் பாடிக்கு எர்த்து. திருப்பிக் கொடுத்துவிட்டால் எந்த எலக்ட்ரீஷியனுக்கும் சௌகரியம். இதையெல்லாம் செய்யாமல் இருக்கிறேன் அல்லவா, அதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

சிம்மக்கல், செவ்வாய் இரவு 10.15

அண்ணா, வழக்கத்தில் இருக்கிற சொற்களை ஒரு சுற்று பார்த்துவிட்டேன். சீரமைப்பு என்றால் சாலை, இல்லாவிட்டால் குளம். மறுசீரமைப்பு என்றால் கடன், மாநிலம், கட்சி. மீட்பு என்றால் தீயணைப்பு வண்டி வந்து கிணற்றிலிருந்து தூக்குகிற ஞாபகம் வருகிறது, அடகு நகை ஞாபகமும்தான். புனரமைப்பு ஒன்றுதான் தேறும். ஆனால் அதற்கு வல்லினம் ஐயா என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும்.

இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்று வரும். ஆகவே ‘மாற்றி’, ‘மறு’ என்று தொடங்குகிற சொல்லை மனுவில் எழுதிவிட்டு ஆர்.டி.ஓ. முன்னால் போய் நிற்காதீர்கள்.

வல்லினம், புதன் காலை 5.20

நான்காம் தமிழ்ச் சங்கம் 1901இல் தோன்றிய ஊரிலிருந்து ‘ரீஸ்டோரேஷன்’ என்று ஒரு மடல். இருக்கட்டும். ‘புனர்’ வடமொழி, வேண்டாம். மீட்டுருவாக்கம் என்ற அருமையான சொல் இருக்கிறது. மீட்டு + உருவாக்கம், உருவை மீட்டுத் தருவது. வேறென்ன வேண்டும்?

தலைப்பில் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ வேறு நிற்கிறது. விளையாட்டு மகிழுந்து என்று எழுதக் கை கூசுகிறதா?

சிம்மக்கல், புதன் காலை 8.05

ஐயா, விளையாட்டு மகிழுந்து தமுக்கம் பொருட்காட்சியில் கிடைக்கும். சாவி கொடுத்தால் ஓடும்.

பழங்கல், புதன் காலை 8.30

சிரித்துவிட்டேன். ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு நம் பக்கத்திலேயே பெயர் இருக்கிறது. பார வண்டி வேறு, பந்தய வண்டி வேறு என்பது எந்த ஊர்க்காரனுக்கும் தெரியும். மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிப்பார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துபோகிற, கூரை மடக்குகிற குட்டி வண்டிக்குப் பூஞ்சிட்டை விட நல்ல பெயர் எங்கே கிடைக்கும்? 1250 சி.சி. இன்ஜினுக்கு அது போதும்.

அச்சுக்கூடம், புதன் காலை 9.10

பூஞ்சிட்டு என்று அட்டையில் போட்டால் குழந்தைப் பத்திரிகை என்று நினைப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரை விடுங்கள், அது அப்படியே போகட்டும். வெள்ளி மதியம் 2 மணிக்கு ஃபாரம் மெஷினில் ஏற வேண்டும். ஒரே ஒரு சொல்தான் கேட்டார்கள்.

பழங்கல், புதன் பகல் 1.45

ஒரே சொல்தான், ஆனால் அது கிடக்கிற இடம் ஆயிரம் வருடத்துக்கு முன்னால். சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவலில் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்லில் இருந்த எழுத்தை அழியவிடவில்லை. ஒவ்வொன்றையும் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தார். அங்கே வருகிற தொடர் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’. எவ்வளவு நாணயம் பாருங்கள்! கல் புதிது, எழுத்து பழையதன் படி, அதையும் ஒளிக்காமல் கல்லிலேயே சொல்லியாகிவிட்டது. திருநகர்வாசி செய்கிற வேலையும் இதுதான். மூல உறுப்பு கிடைக்காத இடத்தில் அதே அளவில் வார்த்துப் போடுகிற பாகத்துக்குப் ‘பழம்படி’ என்று பெயர் வையுங்கள். மொத்த வேலைக்கும் அதுவே பெயராகட்டும்.

பழமை + படி. ஈறு போய் இனம் மிகும், நன்னூல் 136. கருங்குயில் போல. இலக்கணக் குற்றம் யாரும் சொல்ல முடியாது.

அச்சுக்கூடம், புதன் பகல் 2.00

இலக்கணம் சரி. ஆனால் வாழைப்பழத்தைப் படியில் அளந்து விற்கிற மாதிரி இருக்கிறது.

வல்லினம், புதன் மாலை 6.30

படி தமிழ்ச் சொல்தான், அதில் தகராறு இல்லை. படு, படி, படிவு, படிமை என்று வரும். படிமம் மட்டும் பிரதிமா வழி வந்தது என்பார்கள், நான் அதையும் ஒப்புவதில்லை. ஒன்றன் மேல் ஒன்று படிவது படி, கால் படிகிற இடம் படி, மூலத்தின் மேல் படிந்து வருவதால் நகலும் படி. கொட்டகை வண்டியின் மேல் படிந்த தூசிக்கும் வேர் இதுவே. ஆனால் நகல் என்ற பொருள் வந்த பிறகு, மூல வண்டியையே ‘படி’ என்றால் அதைப் போலி என்றாக்கிவிடுகிறோம். பழங்கல் தாமே குழி வெட்டித் தாமே விழுகிறார்.

மீட்டுருவாக்கம் என்ற என் பரிந்துரைக்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

சிம்மக்கல், புதன் இரவு 9.25

சொல்கிறேன் ஐயா. மொழியியலில் அச்சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. இல்லாத மூலத் திராவிடச் சொல்லை இருக்கிற மொழிகளிலிருந்து ஊகித்துக் கட்டுவதுதான் மீட்டுருவாக்கம். அண்ணாவின் கொட்டகையில் வண்டி கண்ணெதிரே நிற்கிறது.

நல்லூரான், வியாழன் அதிகாலை 2.10

நேர வித்தியாசத்தால பிந்திட்டன். எங்கட பக்கம் கோயிலுக்குப் புனருத்தாரணம், காருக்கு ‘திருத்தி எடுக்கிறது’. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் சண்டைக் காலம் முழுக்க மண்ணெண்ணெயில் ஓடினது உங்களுக்குத் தெரியும்தானே. பெற்றோல் சொட்டுச் சொட்டாகக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. தெரு முழுக்கப் புகை. அந்தக் காரை எல்லாம் இப்ப திருத்தி எடுக்கிற ஆக்கள் அந்த மாற்றத்தையும் கழற்றத்தான் வேணுமோ? என்ர மாமா கழற்ற விடமாட்டன் எண்டு நிற்கிறார். அதுவும் வண்டியின்ர சரித்திரம்தானாம். இதையும் சேர்த்து யோசிச்சுச் சொல்லைத் தெரிவு செய்யுங்கோ.

திருநகர்வாசி, வியாழன் காலை 7.15

நல்லூரான் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். இந்த வண்டிக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்கு மீட்டர் உண்டு, ஆனால் நானும் மெக்கானிக் அண்ணனும் ரப்பர் குழாயைத்தான் நம்புகிறோம். ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறு முனை காதில். முன்னதில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சுதி, பின்னதில் அரைச் சுதி கீழே. ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகித் திருகி இரண்டும் சேர்ந்தது. அப்புறம் அடியில் இருக்கிற ஊசியால் கார்புரேட்டருக்குள் இருக்கிற பிஸ்டனை இம்மி தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கியதும் இன்ஜின் வேகமெடுத்து அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இருமி அணைந்தால் குறைவு. ஒரு நொடி துள்ளிவிட்டு நிதானத்துக்கு வந்தால் சரி. துள்ளி, நிதானத்துக்கு வந்தது. அண்ணன் குழாயைச் சுருட்டிக்கொண்டே, “வண்டி பழையபடி ஆயிருச்சு சார்” என்றார்.

பழையபடி. பழங்கல் தேடிய படி அதற்குள்ளேயே இருக்கிறது, நன்னூலும் தேவையில்லை, 22 பையன்களுக்கும் புரியும். என்ன சொல்கிறீர்கள்?

அச்சுக்கூடம், வியாழன் காலை 7.50

‘பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பழையபடி ஆக்குவது எப்படி?’ எங்கள் ஃபோர்மேன் படித்துவிட்டு, “பழசாத்தானே இருக்கு, இன்னும் என்ன ஆக்கணும்?” என்கிறார். முதல் ‘பழைய’வை வெட்டினால் சம்மதம்.

சிம்மக்கல், வியாழன் காலை 10.00

எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தயக்கம். எங்கள் தெருவில் ‘பழையபடி’ வருகிற வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: “பழையபடி குடிக்க ஆரம்பிச்சுட்டான்.”

வல்லினம், வியாழன் நண்பகல் 12.10

அகவிலைப்படி, பயணப்படி, பழையபடி. அரசு ஊழியர் சங்கம் மகிழும்.

நகையாடல் போகட்டும், உண்மைக்கு வருவோம். எம்.ஜி. டி.டி. வண்டியின் உடல் தகட்டுக்கு உள்ளே ஆஷ் என்ற மரத்தால் ஆன சட்டம் இருப்பதாக என் பேரன் கணினியில் பார்த்துச் சொன்னான். திருநகர்வாசி எந்த மரம் போட்டார்?

திருநகர்வாசி, வியாழன் பகல் 1.30

தேக்கு.

கதவு நிலையின் அடிப்பாகம் முழுக்கக் கரையான். ஆஷ் மரம் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. ஆசாரி வேம்பு போடலாம் என்றார், நான்தான் தேக்கு என்றேன்.

வல்லினம், வியாழன் பகல் 1.55

தேக்கைப் போட்டுவிட்டுப் பழையபடி என்பது எப்படி? செம்பியன் மாதேவி கல்லிலேயே சொன்னார் என்று பழங்கல் உருகினாரே, அந்த நாணயம் எங்கே?

திருநகர்வாசி, வியாழன் பகல் 2.20

சுருக்கென்று தைத்தது ஐயா. கையேட்டின் 11ஆம் பக்கத்தில் ‘இங்கே மூல மரம் ஆஷ், இப்போது இருப்பது தேக்கு’ என்று சேர்த்திருக்கிறேன். சட்டத்தின் உட்புறத்தில், கதவைத் திறந்தால் தெரிகிற இடத்தில், ஆசாரியை உளியால் வருடமும் மரத்தின் பெயரும் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

பழங்கல், வியாழன் பகல் 2.40

அடடா. ‘இதுவும் ஒரு பழமரப்படி.’

கேட்காமலே இன்னொன்றும் தருகிறேன். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு வியாபாரக் குடும்பம் அது. ஆரம்ப கால எஸ்.யூ. கார்புரேட்டர்களில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் இருந்தது. குறுந்தொகை 172இல் ஏழூருக்குப் பொதுவாக ஓர் ஊரில் வைத்த ‘உலைவாங்கு மிதிதோல்’ வருகிறதே, அதே தோல், அதே மூச்சு. கார்புரேட்டருக்கு ‘மிதிதோல்’ என்று–

அச்சுக்கூடம், வியாழன் பகல் 2.45

வேண்டாம்.

சிம்மக்கல், வெள்ளி காலை 9.30

எண்ணிப் பார்த்தேன். பழையபடி ஆக்குதல்: நான், திருநகர்வாசி அண்ணா, அச்சுக்கூடம். நல்லூரான் ‘திருத்தி எடுத்தல்’, இரண்டாவது விருப்பம் பழையபடி. பழங்கல் பழம்படியிலிருந்து இறங்கவில்லை. வல்லினம் ஐயா மீட்டுருவாக்கம். ‘ரீஸ்டோரேஷன்’ என்றே விடலாம் என்று எனக்குத் தனி மடல் எழுதியவர்கள் இரண்டு பேர், பெயர் சொல்ல மாட்டேன். அட்டையில் ‘ஸ்போர்ட்ஸ் காரைப் பழையபடி ஆக்குவது எப்படி?’ என்று போகட்டும். ‘பராமரிப்பு’ தமிழா என்று யாரும் தொடங்க வேண்டாம், அது கையேட்டில் 14 இடத்தில் இருக்கிறது.

வல்லினம், சனி காலை 5.05

என் மறுப்பைப் பதிவு செய்க. பெரும்பான்மை வேறு, சரி வேறு.

நிற்க. என் தகப்பனார் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியை நேற்றுப் பரணிலிருந்து இறக்கினேன். உள்ளே ஏழு ஸ்பேனர்கள், துருவில்லை, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பிடியில் ‘1/4 டபிள்யூ’, ‘5/16 டபிள்யூ’ என்றெல்லாம் வெட்டியிருக்கிறது. தங்கள் போல்ட்டின் தலைக்குப் பொருந்துமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாளை ஞாயிறு காலை பசுமலை வழியாகத்தான் வருகிறேன், கொண்டுவரவா?

கையேட்டின் மெய்ப்பை இப்போதுதான் பார்த்தேன். 9ஆம் பக்கம், ‘இன்ஜினை பழையபடி’. இரண்டாம் வேற்றுமை விரிக்குப் பின் வலி மிகும்.

அச்சுக்கூடம், சனி காலை 6.40

அச்சாகிவிட்டது ஐயா. 50 படி.

திருநகர்வாசி, சனி காலை 6.45

அவசியம் கொண்டுவாருங்கள் ஐயா. அந்த ‘ப்’பை 22 படியில் பேனாவால் போட்டுவிட்டேன், மிச்சத்தை நீங்கள் வரும்போது சேர்ந்து போடலாம். பையன்கள் கேட்டில் நிற்கிறார்கள்.