நீட்டுக்காக இன்னொரு வருஷமா, கையில் இருக்கும் அக்ரி சீட்டா?

கரிசல்காட்டான்:
கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். தங்கை 2025-ல் பிளஸ் டூ முடித்தாள். நீட்டில் 720-க்கு 395. உயிரியல் 235, வேதியியல் 102, இயற்பியல் 58. பி.சி. பிரிவு. அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி இந்த மார்க்குக்குக் கிடைக்காது. தனியாருக்குக் கட்ட எங்களிடம் பணமில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. அவள் "ஒரு வருஷம் கொடுங்க, மறுபடி எழுதுறேன்" என்கிறாள். அப்பா "கிடைச்ச சீட்டை விடாதே" என்கிறார். இந்த வாரத்துக்குள் சேர வேண்டும். என்ன செய்யலாம்?

இரவுப்பணி:
எழுதட்டும். நானும் ரிப்பீட்டர்தான், இப்போது ஹவுஸ் சர்ஜன். நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையைப் பாருங்கள். 2020-21-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ரிப்பீட்டர்கள். முதல் முறையே சீட் வாங்குவது இங்கே அபூர்வமாகிவிட்டது. உயிரியலில் 235 எடுத்த பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

இயற்பியல் வாத்தியார்:
டாக்டரம்மா, அந்தக் கணக்கு சீட் கிடைத்தவர்களை மட்டும்தான் எண்ணுகிறது. டிராப் போட்டவர்களில், அதாவது எதிலும் சேராமல் ஒரு வருஷம் நீட்டுக்கே படித்தவர்களில், எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது அதில் இல்லை. 2025-ல் தேர்வு எழுதியவர்கள் 22 லட்சம் பேர். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் பாதியளவுதான் அரசுக் கல்லூரிகளில். கிடைக்காமல் போன பிள்ளைகளைப் பள்ளியில் நாங்கள்தான் பார்க்கிறோம். டி.சி. வாங்க வரும்போது கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். தேர்வுக்காகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது.

இரவுப்பணி:
அந்தப் பயம் நியாயமானது சார். ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஓட்டை ஒரே இடத்தில் இருக்கிறது. இயற்பியல் மட்டும் 180 மார்க். 2025-ல் அந்தப் பகுதி எல்லோரையும் கவிழ்த்தது, நாட்டில் முதலிடமே 686-தான். அதற்கு முந்தின வருஷம் முதல் முடிவில் 67 பேருக்கு முழு 720 வந்தது. அதனால் 395 என்ற எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள், ரேங்கைப் பாருங்கள்.

இயற்பியல் வாத்தியார்:
சரி, அந்த 58-ஐயே எடுப்போம். ஒரு சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று குறையும். 15 கேள்வி சரி, 2 தவறு என்றாலும் 58. 20 சரி, 22 தவறு என்றாலும் 58. முதல் பிள்ளை தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு மீதியைத் தொடாதவள், பாடமே முழுசாக நடக்கவில்லை. அவளுக்கு ஒரு வருஷம் நிச்சயம் உதவும். இரண்டாவது பிள்ளை எல்லாப் பாடமும் படித்தும் புரியாமல் ஊகித்து எழுதியவள். அவளை இன்னொரு வருஷம் கோச்சிங்கில் உட்கார வைத்தால் அதே சூத்திரங்களை இன்னும் வேகமாக மனப்பாடம் செய்வாள். தம்பி, ஓ.எம்.ஆர். தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். அதைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

வள்ளியூர்க்காரி:
ஏன் இவ்வளவு யோசனை? அக்ரியில் சேரட்டும், அங்கே இருந்துகொண்டே நீட் எழுதட்டும். வயது உச்சவரம்பு இல்லை, எத்தனை முறையும் எழுதலாம்.

வயல்வரப்பு:
அக்ரி மூன்றாம் வருஷம் படிக்கிறேன், கேளுங்கள். காலையில் வயல், மதியம் வகுப்பு, ரெக்கார்டு, வருகைப்பதிவு, செமஸ்டர். இதற்கு நடுவில் நீட்டுக்குப் படித்தால் இரண்டும் அரைகுறையாகும். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால் மனசு உடையும். பாதியில் விட்டுப் போனால் அந்த இடம் இன்னொரு பிள்ளைக்கும் போகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் அக்ரியை ஆறுதல் பரிசு போலவே பேசுகிறீர்கள். டி.என்.பி.எஸ்.சி. வேளாண் அலுவலர், வங்கிகளில் வேளாண் அதிகாரி, மேற்படிப்பு என்று இதற்கு வழி இருக்கிறது. கிள்ளிகுளம் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி, கட்டணமும் தாங்கும். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

வள்ளியூர்க்காரி:
சரி, சேர்ந்துகொண்டே எழுதுவதை விட்டுவிடுகிறேன். ஆனால் பெண்பிள்ளை டிராப் போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் பேசவில்லையே. "சும்மாதானே இருக்கா" என்று அடுப்படி வேலை அவள் தலையில் விழும். ஆடி முடிந்ததும் யாராவது வரன் கொண்டுவருவார்கள். தம்பியை டிராப் போட விட்டால் இதெல்லாம் நடக்குமா? எழுத விடுவதென்றால் அந்த வருஷம் முழுக்க அவள் மாணவி என்று அப்பாவும் அம்மாவும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வாக்குக் கிடைக்காவிட்டால் கிள்ளிகுளம் விடுதிதான் அவளுக்குப் பாதுகாப்பு.

கரிசல்காட்டான்:
அக்கா சொன்னது வீட்டில் அப்படியே பொருந்துகிறது, அம்மாவிடம் பேசிவிட்டேன். ஓ.எம்.ஆரையும் தங்கையோடு உட்கார்ந்து எண்ணினோம். இயற்பியலில் 17 சரி, 10 தவறு, 18 தொடவே இல்லை. விட்டதில் பாதிக்கு மேல் பதினொன்றாம் வகுப்புப் பாடம். பள்ளியில் அந்த வருஷம் இயற்பியலுக்கு ஆளே இல்லாமல் பல மாதம் ஓடியது.

இரவுப்பணி:
பார்த்தீர்களா சார், நீங்கள் சொன்ன முதல் பிள்ளைதான்.

இயற்பியல் வாத்தியார்:
பாதி முதல் பிள்ளை. அந்த 10 தவறு எனக்கு உறுத்துகிறது. என் பிள்ளையாக இருந்தால் இப்போதும் சேரத்தான் சொல்வேன். அடுத்த வருஷம் பிளஸ் டூ மார்க் அப்படியே இருக்கும், கட் ஆஃப் அப்படியே இருக்குமா?

இரவுப்பணி:
என் தங்கையாக இருந்தால் எழுதச் சொல்வேன். கோச்சிங் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். முதலில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்கு மட்டும் நல்ல ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள்.

கரிசல்காட்டான்:
இரண்டு பக்கத்தையும் அவளிடமே படிக்கக் கொடுத்திருக்கிறேன். அப்பா இன்னும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. இயக்கவியலை முதலிலிருந்து தொடங்க எந்தப் புத்தகம் என்று வாத்தியார் சொன்னால் உதவியாக இருக்கும்.

இயற்பியல் வாத்தியார்:
பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் முதல் தொகுதி. எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையை மூடிக்கொண்டு அவளே போடட்டும். சேர்ந்தாலும் சரி, எழுதினாலும் சரி, வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு அலகு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை வந்தது என்று இங்கே எழுதுங்கள்.