மோதியது ஒரு காலம், நிரம்பியது வேறு காலம்

கவின்: பெரியப்பா, முழுநிலவைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். விண்கல் மோதிய சூட்டில் பாறை உருகிக் கறுத்துப்போன இடங்கள்தானே இந்தத் திட்டுகள்?

பெரியப்பா: படம் அருமை! ஆனால் மோதல் பள்ளத்தைத் தோண்டியதோடு சரி. அதை நிரப்பிய எரிமலைக் குழம்பு நிலாவின் உள்ளிருந்து வந்தது. அதுவும் உடனே வரவில்லை. பல பள்ளங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்துக் கிடந்தன.

கவின்: அவ்வளவு காலமா? உள்ளே சூடு எப்படி நீடித்தது?

பெரியப்பா: கதிரியக்கத் தனிமங்கள் சிதையும்போது வெப்பம் வெளிப்படும். அதில் பாறை உருகி, வெடிப்புகள் வழியே பொங்கியது. மிகவும் நீர்த்த குழம்பு. அதனால்தான் மலையாகக் குவியாமல் சமவெளியாகப் பரவியது.

மலர் அக்கா: கறுப்பாக இருப்பது ஏன், பெரியப்பா?

பெரியப்பா: அது குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை, அம்மா. இரும்பு மிகுந்தது. சுற்றியுள்ள மேட்டுநிலம் வேறு வகைப் பாறை. அது ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது.

சித்தி: ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்துக்குக் கடல் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

பெரியப்பா: அந்நாளில் கடல் என்றே நம்பியவர்கள் உண்டு. இன்றும் வழங்கும் பெயர்களில் பல, 1651இல் இத்தாலிய வானியலாளர் ரிச்சியோலி வெளியிட்ட வரைபடத்திலிருந்து வந்தவை. அமைதிக் கடல், மழைக் கடல், புயல்களின் பெருங்கடல். எனக்கு அந்தப் பெயர்கள் மிகவும் பிடிக்கும்.

மலர் அக்கா: அமைதிக் கடலில்தானே 1969இல் அப்பல்லோ 11 இறங்கியது?

பெரியப்பா: ஆமாம். அங்கிருந்து வந்த பசால்ட் கற்களுக்கு 350 கோடி ஆண்டுக்கும் மேல் வயது. ஆனால் 2020இல் சீனாவின் சாங்இ-5 விண்கலம் புயல்களின் பெருங்கடலிலிருந்து கொண்டுவந்தவை ஏறத்தாழ 200 கோடி ஆண்டுதான்! அவ்வளவு பிந்தியும் அங்கே குழம்பு ஓடியிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கவின்: நிலாவின் மறுபக்கத்திலும் இப்படித்தானா?

பெரியப்பா: இல்லை! 1959இல் சோவியத் விண்கலம் லூனா 3 அனுப்பிய படங்களைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். நம் பக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பு. அந்தப் பக்கத்தில் 2 சதவீத அளவுதான். அங்கே மேலோடு தடிமனானது, குழம்பு எளிதில் மேலே வர முடியவில்லை என்பது ஒரு முக்கிய விளக்கம். ஓடு ஏன் அங்கே மட்டும் தடித்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

சித்தி: கவின், இதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்.

கவின்: குறித்துவிட்டேன், சித்தி. பெரியப்பா, என் படத்தில் அமைதிக் கடல் எது?

பெரியப்பா: வட்டமிட்டு அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் தனியாக நிற்கும் முட்டை வடிவத் திட்டையும் பார். அது நெருக்கடிகளின் கடல். முதலில் பள்ளம், பிறகு குழம்பு என்பது அதில் பளிச்சென்று தெரியும்.