காக்டெயில் பாரில் ஒயின் எடுக்கலாமா? பட்டியலைப் பார்த்து எப்படிச் சொல்வது?

செந்தூல்வாசி:
வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு காக்டெயில் பாரில் எட்டுப் பேருக்கு மேசை சொல்லியாச்சு. அதில் இரண்டு பேர் ஒயினைத் தவிர வேறு தொட மாட்டார்கள். பட்டியலில் இருப்பதே ஆறு: புரோசெக்கோ (இத்தாலிய நுரை ஒயின்), மார்ல்பரோ சோவிஞான் பிளாங்க் (நியூசிலாந்து வெள்ளை), 'ஹவுஸ் ஒயிட்', புரொவான்ஸ் ரோஸே (பிரெஞ்சு இளஞ்சிவப்பு), 'ஹவுஸ் ரெட்', மெண்டோசா மால்பெக் (அர்ஜென்டினா சிவப்பு). கிளாஸ் 42 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 58 வரை, ++ (சர்வீஸ் சார்ஜும் வரியும்) தனி. போத்தல் 190-இல் தொடங்குகிறது. ஆறுதான் இருக்கிறது என்பதற்காகவே ஒதுக்கிவிடலாமா? போய் உட்கார்ந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

கிள்ளான்கரை:
ஆறு என்பது நல்ல சேதி. கிளாஸ் கணக்கில் பதினைந்து ஒயின் விற்கிற காக்டெயில் பாரைத்தான் சந்தேகப்பட வேண்டும். 750 மில்லி போத்தலில் 150 மில்லி கிளாஸ் ஐந்து வரும். எல்லோரும் ஜின்னும் விஸ்கியும் குடிக்கிற இடத்தில் ஒரு ஒயின் ராத்திரிக்கு ஒரு கிளாஸ்தான் போகும் என்றால், கடைசிக் கிளாஸ் வாங்குகிறவருக்கு ஐந்தாம் நாள் சரக்கு. ஐஸ்பெட்டியில் மூடி வைத்தாலும் சிவப்பு மூன்று நாள், வெள்ளை நான்கு நாள் தாங்கினால் பெரிய காரியம்.

எத்தனை ஒயின் என்பதை விட எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மார்ல்பரோவுக்கும் மால்பெக்குக்கும் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கிறதா? 'ஹவுஸ் ரெட்' என்று மட்டும் போட்டால், அந்த மாதம் சப்ளையர் எதை மலிவாகத் தள்ளினாரோ அதுதான். மார்ல்பரோவுக்கு ஆண்டு முக்கியம். அதன் உயிரே அந்தப் பச்சை வாசம். இரண்டு மூன்று வருடத்தில் அது போய்விடும். நியூசிலாந்தில் அறுவடை மார்ச், ஏப்ரலில் முடிகிறது. ஆக, போன வருட ஒயின் இந்நேரம் கோலாலம்பூரில் கிடைக்க வேண்டும்.

விலைக்கு ஒரு கணக்கு. 190-ஐ 42-ஆல் வகுத்தால் நாலரை. கிளாஸ் 150 மில்லி என்றால் நியாயம்தான். 125 மில்லி ஊற்றினால் போத்தலுக்கு ஆறு கிளாஸ், அப்போது கிளாஸில் வாங்குவது நஷ்டம். எத்தனை மில்லி என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். பத்து சதவிகித சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேல் வரியும் ஏறினால் 42 வெள்ளி 49, 50-ஐத் தொடும். இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து கிளாஸ் குடிப்பார்கள் என்றால் போத்தலே லாபம். உங்கள் கண் முன்னால் திறப்பார்கள் என்பது அதை விடப் பெரிய லாபம்.

58 வெள்ளி புரோசெக்கோவுக்குத்தான் இருக்கும். அதில் பாரின் பேராசை கொஞ்சம்தான். 2016 மார்ச்சில் வந்த கலால் கணக்கில் சுத்த ஆல்கஹால் லிட்டருக்குச் சாதாரண ஒயினுக்கு 150 வெள்ளி, நுரைக்கிற ஒயினுக்கு 450 என்று இருந்தது. அந்தக் கணக்கில் 12 சதவிகித போத்தல் ஒன்றுக்கு 13.50 எங்கே, 40.50 எங்கே!

தஞ்சோங்_பூங்கா:
பட்டியலை மூடிவிட்டு வெர்மூத் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெர்மூத்தும் ஒயின்தான், மூலிகை வாசமும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் சேர்த்து 16, 18 சதவிகிதத்துக்கு ஏற்றியது, அவ்வளவுதான். திறந்தால் ஐஸ்பெட்டிக்குள் போக வேண்டும். அதை விஸ்கிக்குப் பக்கத்தில், வாயில் ஊற்றுக்குழாய் செருகி, தூசி படிய நிறுத்தியிருந்தால், அந்தக் கடை ஹவுஸ் ரெட்டையும் அப்படித்தான் வைத்திருக்கும்.

அப்புறம் விளக்கு. பின்னால் எல்இடி எரிகிற கண்ணாடித் தட்டில் ரோஸேயை அழகுக்கு அடுக்கியிருப்பார்கள். ரோஸே பெரும்பாலும் நிறமில்லாத போத்தலில்தான் வரும். நீல ஒளி தொடர்ந்து பட்டால் பழ வாசம் அடங்கி, வேகவைத்த முட்டைக்கோஸ், நனைந்த கம்பளி மாதிரி நாறும். தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளே குளிரில் இருப்பதைக் கேளுங்கள்.

சோம்பிய_சோமு:
வெர்மூத் சோதனை எல்லா இடத்துக்கும் ஒத்து வராது அண்ணே. நெக்ரோனி என்ற காக்டெயிலுக்கு 30 மில்லி வெர்மூத், ஒரு லிட்டர் போத்தலில் 33 நெக்ரோனி. வெள்ளி, சனியில் கூட்டம் பிதுங்குகிற பாரில் அது ஒரே ராத்திரியில் காலி. வெளியே நின்றாலும் கெட நேரமில்லை. போத்தலில் எவ்வளவு மிச்சம், தூசி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதே கணக்கில் அங்கே பயமில்லாமல் வாங்கக்கூடிய கிளாஸ் புரோசெக்கோ. ஸ்பிரிட்ஸ் என்ற ஆரஞ்சு நிறக் காக்டெயில் ஒன்றுக்கு 90 மில்லி புரோசெக்கோ போகிறது, எட்டு ஸ்பிரிட்ஸில் போத்தல் தீர்ந்துவிடும். பக்கத்து மேசையில் ஆரஞ்சு நிறக் கிளாஸ்கள் வரிசையாக நின்றால் சொல்லவே வேண்டாம். மூடி மட்டும் இறுக்கிப் பிடிக்கிற வகையா என்று பாருங்கள். கழுத்தில் ஸ்பூன் தொங்கவிட்டால் கேஸ் தங்கும் என்பது கட்டுக்கதை.

செந்தூல்வாசி:
நன்றி. புரோசெக்கோ ஒருத்தருக்கு ஓகே. இன்னொருத்தர் சிவப்புதான் என்று ஒற்றைக்காலில் நிற்பார். சிவப்பைச் சரிபார்ப்பது எப்படி?

கிள்ளான்கரை:
கிளாஸில் என்றால் ஒரே கேள்வி: "இது எப்போது திறந்தது?" பதில் டக்கென்று வர வேண்டும். போத்தல் கழுத்தில் தேதி எழுதியிருந்தால் கைகொடுத்து வாழ்த்துங்கள். இழுத்து யோசித்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள். அடிபட்ட ஆப்பிள் வாசமும் பழுப்பு விளிம்பும் இருந்தால் காற்றுப் பட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கோளாறு, உங்கள் ரசனைப் பிரச்சினை இல்லை, மாற்றித் தருவார்கள். கொதித்த ஜாம் மாதிரி இருந்து, கார்க்கும் லேசாக வெளியே தள்ளியிருந்தால் எங்கோ கண்டெய்னரிலோ ஸ்டோரிலோ வெந்துவிட்டது. ஊற்றும் முன் காலிக் கிளாஸையும் முகருங்கள். ரப்பர் விரிப்பில் கவிழ்த்து வைத்த கிளாஸில் அந்த வாடை ஒட்டியிருக்கும். பழி ஒயின் மேல் விழும்.

பெரிய தப்பு சூடுதான். சிவப்பை அறை வெப்பத்தில் குடி என்றது ஐரோப்பியக் கல்வீட்டு அறையை நினைத்து, 16, 18 டிகிரிக்கு. இங்கே ஐஸ் மெஷின் பக்கத்து அலமாரி 28-க்குக் குறையாது. அந்தச் சூட்டில் 14 சதவிகித மால்பெக் மூக்கில் ஆல்கஹாலாகத்தான் ஏறும். காக்டெயில் பாரில் ஐஸுக்கா பஞ்சம்? பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் போத்தலைச் சரியாகத் தொடாது, அதனால் தண்ணீர் கட்டாயம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

மால்பெக் போத்தல்தான் என்றால் உட்கார்ந்த கையோடு சொல்லிவிடுங்கள். மற்ற ஆறு பேருக்குக் காக்டெயில் கலக்கி முடிப்பதற்குள் அது தயாராகிவிடும்.